தெருவுக்கு ஒரே எண்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டே முக்காலுக்கு மாமாவிடமிருந்து போன் வந்தது. "பானு, உங்கக்கா போயிட்டா" என்றார். நான் எதுவும் கேட்பதற்குள், பக்கத்தில் யாரிடமோ "வண்டி எந்த வாசலுக்குங்க வரும்?" என்று விசாரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

முந்தைய நாள் காலை துணி அலசிக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறதென்று அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். பிறகு பேச்சு வரவில்லை. தருமபுரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். இரவெல்லாம் வெளியே நாற்காலியில் இருந்துவிட்டு, குளித்துத் துணி மாற்றலாமென்று அதியமான்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தேன். தலைமுடி ஈரம் காயவில்லை, போன் வந்துவிட்டது.

அக்கா பெயர் வெண்மதி. கடத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவள். பன்னிரண்டாவதும், ஒரு ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பும்தான் அவள் படிப்பு. நான் கல்லூரிக்குப் போனேன், அவள் போகவில்லை. ஆனால் அவள் ஊரில் யாரும் என்னை எதற்கும் தேடியதில்லை. அவளைத் தேடாதவர்கள் யாருமில்லை.

அவள் கணவர் மாதவராஜ் மாமா சில வருடங்களுக்கு முன் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஏதோ ஒரு அலுவலகத்தைக் காலி செய்தபோது ஒரு கம்ப்யூட்டரைக் கூடைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு அதை வைத்தார்கள். இடி இடித்தால் அக்கா ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குவாள். மழை விட்டதும் மறுபடி சொருகுவாள். அந்தப் பெட்டியைப் பற்றி அவளுக்கு இருந்த பயம் அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கினால் தீர்ந்துவிடும் பயம்.

முதலில் தன் வீட்டு ரேஷன் கார்டுக்கு மட்டும் விண்ணப்பம் போட்டாள். அடுத்து எதிர்வீட்டுக்கு. பிறகு தெருவுக்கே. பட்டா மாறுதல், சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை, பிள்ளைகளின் படிப்பு உதவி, கட்டட வேலைக்குப் போனவர்களின் பிஎஃப் எல்லாம் அவள் மேசைக்கு வந்தன. பெரும்பாலும் யாரிடமும் காசு வாங்கமாட்டாள். அவரைக்காய் பறித்தால் ஒரு கை அவரைக்காய் வரும், கேழ்வரகு அறுத்தால் ஒரு படி வரும்.

விண்ணப்பம் போடும்போது செல்போன் எண் கேட்கும். அங்கேதான் சிக்கல். அந்தத் தெரு ஆண்கள் பாதிப்பேர் ஓசூரிலும் பெங்களூரிலும் கட்டட வேலையில் இருந்தார்கள். வீட்டில் இருந்த ஒரே போன் அவர்களோடு போய்விடும். ஓடிபி அங்கே வரும். அந்த மனிதன் ஐந்தாவது மாடியில் சாரத்தின் மேல் நிற்பான். அக்கா கூப்பிட்டுக் கேட்பதற்குள் பத்து நிமிடம் கடந்து ஓடிபி செத்துவிடும். போதாததற்கு, சலுகை விலைக்கு எந்தக் கம்பெனி சிம் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு பழையதைத் தூக்கிப் போடுகிற பழக்கம் எல்லாருக்கும் இருந்தது.

"என் நம்பரையே போட்டுக்கலாம் வுடுங்க" என்றாள் அக்கா.

அப்படித்தான் அது தொடங்கியது. யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. அவள் எண் மாறாது, அவள் எப்போதும் வீட்டில் இருப்பாள், ஓடிபி வந்தால் அங்கேயே பார்த்து அங்கேயே அடிப்பாள். கடத்தூரில் ஆதார் மையத்துக்குப் போனவர்கள்கூட எண் கேட்டால் மனப்பாடமாக அவள் எண்ணைச் சொன்னார்கள். செல்லி சொல்லிச் சிரித்த கதை ஒன்று உண்டு. செல்லி அக்காவுக்குப் பக்கத்து வீடு. மரவள்ளிக் காட்டுக் கூலிக்குப் போகிறவள்.

"அந்தப் பொண்ணு கேக்குது, இது யாரு நம்பருன்னு. எங்கக்கா நம்பருங்கன்னேன். எனக்குப் பின்னாடி நின்ன ராஜாமணியும் அதே நம்பர சொல்றாரு. யாரு நம்பருங்கன்னா, எங்கக்கா நம்பருங்கறாரு. அந்தப் பொண்ணு தலையில கைய வச்சுக்கிட்டு, உங்க ஊருக்கே ஒரே அக்காவான்னு கேட்டுச்சு."

ஊருக்கே ஒரே அக்காதான். செல்லியும் அவளை அக்கா என்பாள், செல்லியின் மகள் கவிப்பிரியாவும் அக்கா என்பாள்.

போன வருஷம் மே மாதம் அந்தக் கம்ப்யூட்டர் அடிக்கடி தானாகவே நின்றுபோக ஆரம்பித்தது. அக்காவின் மகன் முனிராஜ் ஓசூரில் வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு லேப்டாப்பும், ஒரு புதுப் போனும், ஒயர் இல்லாத ஒரு பிரிண்டரும் வாங்கிக்கொண்டு வந்தான். காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் பொருத்தினான். அன்று நானும் அங்கே இருந்தேன். பழைய பெட்டியைச் சாக்கில் கட்டினான், தருமபுரியில் தெரிந்த கடைக்காரரிடம் போட்டுவிட்டுப் போவதாக.

"உள்ள இருக்கறதெல்லாம் என்னடா ஆவும்?" என்று அக்கா கேட்டாள்.

"எல்லாம் இதுல ஏத்திட்டேம்மா. போட்டோ, ஃபைலு எல்லாம்."

"ஒண்ணு வுடாம?"

"நீ வேற. அந்த டப்பாவுல போட்டோவ வுட்டா என்ன இருந்துச்சு?"

திங்கள் காலை அக்கா லேப்டாப்பைத் திறந்து வழக்கமான இணையதளத்துக்குப் போனாள். இத்தனை வருடமும் அங்கே போனதும் பெயரும் கடவுச்சொல்லும் தாமாகவே நிரம்பி நிற்கும். வரிசையாகக் கரும்புள்ளிகள் தெரியும், அவள் ஒரு தட்டுத் தட்டி உள்ளே போவாள். அந்தத் தளத்துக்குத் தன்னைத் தெரியும் என்றே அவள் நினைத்திருந்தாள். பழைய பெட்டிதான் அதையெல்லாம் நினைவில் வைத்திருந்தது என்று அவளுக்குத் தெரியாது. இப்போது கட்டம் வெறுமையாக இருந்தது. அடுத்த தளமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

எனக்குப் போன் செய்தாள். "பானு, ஒண்ணுமே என்னைத் தெரியாதுங்குதுடி" என்றாள்.

முனிராஜ் கடைக்காரரிடம் ஓடினான். அவர் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்ததை அழித்து, வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார். அவன் மேல் குற்றமில்லை. என்னைக் கேட்டிருந்தாலும் எனக்கு அது தோன்றியிருக்காது.

வழி ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொருவருக்காகவும் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று தட்ட வேண்டும், ஓடிபி வரும், புதிதாக ஒன்று வைக்க வேண்டும். ஓடிபி வருவது அவள் எண்ணுக்கு. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, ஒரு தெருவின் பென்ஷனும் நிலமும் படிப்பும் தன் போனுக்குள் இருக்கிற நகத்தளவு சிம்மில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று. அந்த சிம்மும் பழசு. பெரிய சிம்மாக வாங்கியது. புதுப் போனுக்குப் பொருந்த வேண்டுமென்று கடையில் வெட்டிக் கொடுத்தார்கள். வெட்டியது சற்று அதிகம். போனைச் சாய்த்து வைத்தால் 'சிம் இல்லை' என்று காட்டும். அவள் போனை மேசைமேல் சம்மணமாக உட்காரவைத்ததுபோல் நிமிர்த்தி வைத்துவிட்டு, பக்கத்தில் யாரும் வேகமாக நடக்காதபடி பார்த்துக்கொள்வாள்.

"அக்கா, புது சிம் வாங்கிக்கலாம், அதே நம்பருக்குத் தருவாங்க" என்றேன்.

"ரெண்டு நாளு நம்பர் வேல செய்யாதாமே. அந்த ரெண்டு நாள்ல யாருக்காவது எதுனா வந்துட்டா?"

அதற்குப் பிறகு ஒரு நாள் பகலில், அவள் எதையும் திறக்காமல் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தபோது, தானாக ஒரு ஓடிபி வந்தது. யார் பெயரும் இல்லை, ஆதாரின் கடைசி நான்கு எண்கள் மட்டும். கையைக்கூடக் கழுவாமல் வீடு வீடாகப் போயிருக்கிறாள். "யாராச்சும் ஆதார் எங்கயாவது போட்டீங்களா? பேங்குக்குப் போனீங்களா?" ஒவ்வொரு வீட்டிலும் கார்டை எடுத்து வரச்சொல்லிக் கடைசி எண்ணைப் பார்த்திருக்கிறாள். மூலைவீட்டு ராஜாமணி திண்ணப்பட்டியில் மகள் வீட்டுக்குப் போனவர், அங்கே ஏதோ சிலிண்டருக்குக் கொடுத்திருக்கிறார் என்று தெரிய ஒரு மணி நேரம் ஆனது.

"அதுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது? ஒரு நம்பர்தான வந்துச்சு, பாம்பா வந்துச்சு?" என்று செல்லி கேட்டிருக்கிறாள்.

"பாம்பு வந்தா ஒருத்தரத்தான் கடிக்கும் செல்லி" என்றாளாம் அக்கா.

டிவியில் அடிக்கடி காட்டினார்கள், யாரோ யாருடைய சிம்மையோ வைத்துக்கொண்டு பணம் எடுத்தார்கள், போலீஸ் பிடித்துக்கொண்டு போனது என்று. அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடமாட்டாள். "நாளைக்குப் போலீஸு வந்து, எதுக்கும்மா ஊரு ஆதார் பூரா உன் நம்பர்ல வச்சிருக்கேன்னு கேட்டா, நான் என்னடி சொல்லுவேன்? நல்லதுக்குன்னா நம்புவானா?" என்பாள். முனிராஜ் வைத்துக்கொடுத்த போன் பூட்டை மாற்றினாள். புதுப் பூட்டு யாருக்கும் தெரியாது. மாமாவுக்கும் சொல்லவில்லை. ஏற்கெனவே இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவள். தூக்கம் போய்விட்டது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். ஒவ்வொருவரையும் கடத்தூருக்கு அனுப்பி, அவரவர் எண்ணை அவரவர் ஆதாரில் போடவைப்பது. சிலர் போனார்கள். பலர் "அட இருக்கட்டுமுங்கக்கா, நீங்க எங்க போயிடப் போறீங்க" என்றார்கள். ஒருத்தியின் எண்ணை மட்டும் அவளாலேயே மாற்ற முடியவில்லை. கவிப்பிரியா பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிந்திருந்தாள். பதிந்தபோது கொடுத்த எண்ணைக் கலந்தாய்வு முடியும்வரை மாற்ற வழியில்லை என்று அந்தத் தளம் சொல்லிவிட்டது.

அக்கா விழுந்த திங்கள் காலைதான் கவிப்பிரியாவுக்கு இடம் ஒதுக்கீடாகியிருந்தது. சேலத்தில் அரசுக் கல்லூரி. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் உள்ளே போய் ஒப்புதல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. ஒப்புதலுக்கு ஓடிபி வேண்டும்.

இது எனக்குப் புதன் காலைதான் தெரியும். அக்காவை நடுவறையில் கிடத்தியிருந்தார்கள். மதியத்துக்கு மேல் எடுப்பதாக இருந்தது. செல்லி அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அவள் கண் அடிக்கடி மாமாவின் சட்டைப் பையையே பார்த்தது. வாசற்படிக்கு வெளியே கவிப்பிரியா நின்றாள். அவள் பார்வையும் அங்கேதான். பையில் அக்காவின் போன் இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே சார்ஜ் தீர்ந்து அணைந்த போன். நான் வெளியே போய் அந்தப் பெண்ணை என்னவென்று கேட்டேன். அவள் முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு அழுதாள். பிறகு சொன்னாள்.

"இன்னிக்கு ஐஞ்சு மணியோட முடிஞ்சிரும்க்கா. அம்மா கேக்கவே கூடாதுன்னுட்டாங்க. வேணாம்க்கா. அடுத்த வருஷம் பாத்துக்கறேன்."

அடுத்த வருடம் என்று ஒன்று அந்த வீட்டில் இருக்காது என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள், அக்காதான் இந்தக் கலந்தாய்வைக் காட்டித் தள்ளிப் போட்டிருந்தாள்.

மாமாவிடம் போய்க் குனிந்து, மெதுவாகச் சொன்னேன். அவர் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். "அவ போனு. யாரும் தொட வேணாம்" என்றார்.

முனிராஜ் போனை வாங்கிச் சார்ஜில் போட்டாலும் திறக்க முடியாது என்றான். பூட்டு யாருக்கும் தெரியாது. அணைந்து எழுந்த போன் விரல் ரேகையையும் ஏற்காது. அவன் அதைச் சொன்னபோது சுற்றியிருந்தவர்கள் எல்லாருமே ஒரு கணம் அக்காவின் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

"சிம்ம மட்டும் கழட்டி என் போன்ல போட்டா போதும் மாமா" என்றேன்.

மாமாவின் பெரியம்மா முறை ஆகிற ஒரு கிழவி சுவரோரம் இருந்து சொன்னாள்: "பொணம் இன்னும் வூட்டுல கெடக்குது, அதுக்குள்ள கழட்டறாளுங்க. தாலிய கழட்டுங்கடின்னா கைகால் நடுங்கும். இதுக்கு வேவமா வர்றாளுங்க."

மாமா வெகு நேரம் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து என் கையில் வைத்தார். "முடிஞ்சதும் மறுபடி அதுலயே போட்டுரு" என்றார்.

பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் லேப்டாப்பை ஒரு பலகைமேல் வைத்தோம். கம்மல் திருகின் முனையால் சிம் தட்டை வெளியே எடுத்தேன். என் போனில் போட்டேன். 'சிம் இல்லை' என்றது. கழற்றித் துடைத்துப் போட்டேன். 'சிம் இல்லை.' கவிப்பிரியா பாடப்புத்தக அட்டையிலிருந்து ஒரு துண்டு பசைத்தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அதைச் சிம்முக்குப் பின்னால் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேலே சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

கவிப்பிரியா உள்ளே நுழைந்தாள். கடவுச்சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒப்புதல் என்பதைத் தட்டினாள். நாங்கள் இருவரும் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது போன் அடித்தது.

எடுக்காமல் இருந்திருக்கலாம். கை எடுத்துவிட்டது.

"அக்கா, நான் கிருஷ்ணப்பன். பெங்களூர்ல இருந்துங்க்கா. நீங்க நல்லாத்தான இருக்கீங்க? இங்க என்னென்னமோ சொல்றாங்கக்கா."

கட்டட வேலைக்குப் போன அந்தத் தெருக்காரர். அக்காவின் குரலும் என் குரலும் ஒன்றுபோல இருக்கும். சின்ன வயதில் அம்மாவே ஏமாந்திருக்கிறாள். "அலோ அலோ" என்ற என் குரலைக் கேட்டதும் அவர் பெரிதாக மூச்சுவிட்டார். "அதானே. நேத்திருந்து அடிக்கறேன், சுவிச் ஆஃப்னு வருது. உசுரே போயிருச்சுக்கா" என்று சிரித்தார்.

"நான் பானுங்க. தங்கச்சி" என்றேன்.

அந்தப் பக்கம் கலவை இயந்திரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப எங்க பிஎஃப் ஓடிபி எல்லாம்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "இல்லீங்க. நான் கெளம்பி வரேன்" என்று வைத்துவிட்டார்.

அதற்குள் செய்தி வந்து சில நிமிடங்கள் ஆகியிருந்தன. நான் எண்ணைப் படித்தேன், கவிப்பிரியா அடித்தாள். ஒரு எண்ணைத் தப்பாக அடித்தாள். சிவப்பில் ஏதோ வந்தது. மறுபடி அடித்தாள். முன்பக்கம் பறை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் பலகை அதிர்ந்தது, போன் கொஞ்சம் நகர்ந்தது, நான் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். திரையில் பச்சையாக ஒரு வரி வந்தது. அந்தப் பெண் அதை மூன்று முறை படித்தாள். பிறகு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சத்தம் வராமல் அழுதாள். சாவு வீட்டில் எதற்காக அழுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

சிம்மை அன்றைக்கு நான் திருப்பிப் போடவில்லை. கிருஷ்ணப்பன் நிறுத்திக்கொண்ட வாக்கியம் என் காதிலேயே இருந்தது. காரியம் முடிந்த பிறகு மாமாவிடம் சொன்னேன், பூட்டிய போனில் சிம் இருந்தால் யாருக்கும் பயனில்லை, ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அந்த எண்ணைக் கம்பெனி வேறு யாருக்காவது கொடுத்துவிடும் என்று. அவர் தலையை மட்டும் ஆட்டினார். அன்றிலிருந்து அக்காவின் எண் என் போனில், என் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அவளுக்கு என்ன பயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அலுவலகத்தில் இருக்கும்போது ஓடிபி வரும். கேட்காத ஓடிபி. நான்கு எண்கள். யாருடையது என்று தெரியாது. செல்லிக்குப் போன் போட்டு, அவள் தெருவில் விசாரித்துச் சொல்லும்வரை எதிரில் இருக்கிற கணக்கு கண்ணில் ஏறாது. குளிக்கப் போனால் போனைக் குளியலறை வாசலில் வைக்கிறேன். பேருந்தில் கூட்டமாக இருந்தால் அடுத்ததற்கு நிற்கிறேன். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவன் அக்காவின் பெயரைச் சொல்லி, அவள் பிறந்த வருடத்தையும் சொல்லி, சற்றுமுன் வந்த எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டான். அவர் இறந்துவிட்டார் என்றேன். "அப்படிங்களா மேடம், அப்ப நீங்களே சொல்லுங்க" என்றான். வைத்துவிட்டு அந்த எண்ணைத் தடை செய்தேன்.

அவள் தொடங்கியதை முடித்துவிட வேண்டும் என்று விடுமுறை நாட்களில் கடத்தூருக்குப் போகிறேன். இப்போது யாரும் இருக்கட்டும் என்று சொல்வதில்லை. மையத்தில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு எங்களைத் தெரியும். முதல் நாள் என்னைப் பார்த்து, "நீங்கதான் அந்த அக்காவா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்தத் தெருவில் வயதான குள்ளம்மாளுக்கு விரல் ரேகை தேய்ந்துபோய் இயந்திரம் ஏற்கவில்லை. "நாத்து நட்டு நட்டு ரேகைய மண்ணு தின்னுருச்சு, இனி கால் ரேகைய வச்சுக்கறியா?" என்று குள்ளம்மாள் மையத்துப் பெண்ணிடம் கேட்க, கண்ணை வைத்துப் பதிந்து அனுப்பினார்கள். கிருஷ்ணப்பன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து போனார். ராஜாமணி மகளின் எண்ணைக் கொடுத்தார். செல்லிக்குக் கவிப்பிரியாவின் எண். சேலத்துக்குப் போவதற்கு முந்தைய நாள் மகளே அம்மாவை அழைத்துப் போய்ப் போட்டுக் கொடுத்தாள்.

மாமாவின் ஆதாரிலும் அக்காவின் எண்தான் இருக்கிறது. வண்டி ஓட்டுநர் உரிமம், வீட்டு வரி, கேஸ் எல்லாவற்றிலும் அதுவே. அவர் எண்ணையே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். முனிராஜும் இரண்டு முறை வந்து கூப்பிட்டான். கடத்தூர் மையத்தில் அவருக்காக நான் எடுத்து வைத்திருந்த டோக்கன் போன வியாழக்கிழமையோடு காலாவதியானது. அவர் போகவில்லை.